மலையில் டிரெய்லர் இழுக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க

ஃபோர் வீல் டிரைவ் வண்டி கைக்கு வந்ததும் இனி எதையும் இழுத்துவிடலாம் என்று தோன்றும். இழுக்கலாம், உண்மைதான். ஆனால் பிரேக்கை மிதிக்கும்போது அந்த வண்டிக்கும் சாதாரண ஜீப்புக்கும் வித்தியாசம் இல்லை. நான்கு சக்கரத்திலும் பிரேக் எல்லா வண்டிக்கும் இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம், குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம், ஊட்டியிலிருந்து கூடலூர், இப்படி எந்தப் பக்கம் போனாலும் நம் ஊரில் டிரெய்லர் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் இறக்கத்தில்தான். அந்தத் தொல்லைக்கான விதை விழுவதோ லோடு ஏற்றுகிற முற்றத்தில்.

இங்கே எழுதுவது ஏறக்குறைய இரண்டு டன் எடையுள்ள டீசல் வண்டியில் ஒன்றரை டன் வரை டிரெய்லர் இழுப்பவர்களுக்கு. பவர் டில்லர், விதைக்கிழங்கு, உர மூட்டை, ஜெனரேட்டர், தண்ணீர் டேங்க் என்று ஏற்றிப் போகிறவர்கள்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் மூன்று எண்கள் கையில் இருக்க வேண்டும். முதலாவது, உங்கள் வண்டி எவ்வளவு இழுக்கலாம் என்று அதன் கையேட்டில் போட்டிருக்கும் எடை. பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஓர் எண், பிரேக் இல்லாததற்கு வேறு எண் இருக்கும். கையேட்டில் இல்லையென்றால் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் வாய்ச்சொல் போதாது. இரண்டாவது, லோடோடு டிரெய்லரின் மொத்த எடை. மூன்றாவது, டிரெய்லரின் மூக்கு உங்கள் கொக்கியின் மேல் அழுத்துகிற எடை. இதை மூக்கு எடை என்று வைத்துக்கொள்வோம். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் பதினைந்து சதவீதம் வரை இருந்தால் டிரெய்லர் அடங்கி வரும். 1,500 கிலோ டிரெய்லருக்கு 150 கிலோவிலிருந்து 225 கிலோ. கொக்கியும் வண்டியும் அதைத் தாங்குமா என்பதையும் கையேட்டில் பார்க்க வேண்டும்.

அளப்பது கஷ்டமில்லை. மூட்டை நிறுக்கும் தராசுப் பலகையின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, கொக்கி உயரத்திற்கே மூக்கை அதன்மேல் உட்கார வையுங்கள். டிரெய்லர் சமதளத்தில் நிற்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்க வேண்டும். மொத்த எடைக்கு எடைமேடை.

உயிருக்கு ஆபத்தான அறிகுறிகளை முதலில் சொல்கிறேன்.

இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுகிறது

முதல் கேள்வி: டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கிறதா? உள்ளூர்ப் பட்டறைகளில் அடித்து வாங்கும் டிரெய்லர்களில் பலவற்றுக்கு இருப்பதில்லை. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரேக் இல்லாத டிரெய்லர் 750 கிலோவைத் தாண்டக்கூடாது. மலைக்கு நான் அந்த எண்ணையும் ஏற்கமாட்டேன். 500 கிலோவுக்கு மேல் போனால் பிரேக் வேண்டும் என்பது என் கணக்கு.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வண்டி இரண்டு டன், டிரெய்லர் ஒன்றரை டன். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம் இறங்குகிறோம். அந்த இறக்கத்தின் சக்தி முழுவதும் சூடாக மாறினால் சுமார் 140 லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். காற்றும் உருளும் டயரும் அதில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் வாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

நம் மலை ரயிலைக் கவனித்திருப்பீர்கள். 1899 முதல் ஓடுகிற பாதை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் பல்சக்கரத் தண்டவாளம், பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றம். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளைத் தாங்கும். அது போதாதென்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக், அதைப் பிடிக்கத் தனி ஆள். பின்னால் வருகிற எடை தன்னைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். டிரெய்லருக்கும் அதே நியாயம்தான்.

டிரெய்லர் பிரேக் இருந்தும் தள்ளுகிறது என்றால் எந்த வகை என்று பாருங்கள். கரண்ட் பிரேக் என்றால் டேஷ்போர்டு பக்கத்தில் ஒரு கன்ட்ரோலர் இருக்கும். காலி மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போய், வண்டி பிரேக்கைத் தொடாமல் கன்ட்ரோலர் நெம்பை மட்டும் இழுங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து பிடித்து இழுப்பது உடம்பில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒயர், எர்த், டிரம்முக்குள் இருக்கும் காந்தம் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். தள்ளினால் தானாகப் பிடிக்கும் வகை, அதாவது மூக்கு உள்ளே அமுங்கும்போது கம்பியை இழுத்து டிரெய்லர் பிரேக்கைப் போடும் வகை என்றால், மூக்கு அமுங்கும் குழல் துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது கேபிள் தளர்ந்திருக்கும். இந்த வகையில் இன்னொன்றும் உண்டு. நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருப்பதால் அதன் பிரேக்கும் இடைவிடாமல் உரசிச் சூடாகும். ஆகவே எஞ்சின்தான் முதல் பிடி.

எஞ்சினில் பிடிப்பது என்றால் என்ன? ஏறும்போது என்ன கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். டிரெய்லர் இருந்தால் அதிலிருந்து இன்னும் ஒன்று குறையுங்கள். கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு கியர் மாற்றப் போனால், வண்டி நியூட்ரலில் நிற்கும் அந்த ஒரு நொடியில் டிரெய்லர் முந்திவிடும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். டிரெய்லரோடு அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

ஃபோர் வீல் டிரைவ் உண்மையில் உதவுகிற இடம் இங்கே ஒன்று இருக்கிறது. டூ வீலில் எஞ்சின் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும். மழைத் தார் ரோட்டில் கியரைச் சட்டென்று குறைத்தால் பின்சக்கரம் வழுக்கும், டிரெய்லர் அதைப் பக்கவாட்டில் தள்ளும், வண்டியும் டிரெய்லரும் கத்தி மடங்குவது போல மடங்கிவிடும். ஈர ரோட்டிலும் மண் ரோட்டிலும் ஃபோர் ஹை (நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் பலம், வழக்கமான வேகத்தில்) போட்டால் அந்தப் பிடி நான்கு சக்கரத்துக்கும் பங்காகும். எஸ்டேட் மண் பாதையில் ஃபோர் லோ (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக பலத்தோடு சுற்றும் நிலை) இன்னும் நல்லது. எஞ்சின் பிடி சுமார் இரண்டரை மடங்கு கூடிவிடும், பிரேக்கைத் தொடவே தேவை இருக்காது. காய்ந்த தாரில் ஏன் கூடாது என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஊட்டி மசினகுடி நடுவே கல்லட்டிப் பாதைக்கு 36 கொண்டை ஊசி. டிரெய்லரோடு அதில் இறங்க வேண்டாம். கூடலூர், தெப்பக்காடு சுற்றிப் போங்கள், தூரம் ஏறக்குறைய இரட்டிப்பு என்றாலும்.

பிரேக் பெடல் மாறிவிட்டது

இதில் இரண்டு விதம். பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது, கருகல் வாடை வருகிறது: பேடும் லைனிங்கும் சூடாகிப் பிடியை இழந்துவிட்டன. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி அடிவரை போகிறது: பிரேக் ஆயில் கொதித்து அதற்குள் ஆவிக் குமிழி வந்துவிட்டது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியே போதும். டாட் 4 புதியது 230, ஈரம் ஏறினால் 155. வருஷத்தில் பாதி நாள் மஞ்சும் மழையுமாக இருக்கும் ஊரில் நாம் இருக்கிறோம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள், நிறம் நன்றாகத்தான் இருக்கிறது என்று தள்ளிப் போடாதீர்கள்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பெடல் அடிவரை போனால்: பெடலை விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள், கொஞ்சம் பிடி திரும்பக் கிடைக்கும். கரண்ட் பிரேக் இருந்தால் நெம்பை இழுங்கள். கியரைக் குறைக்க முடிந்தால் ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் பொத்தானை அமுக்கியபடியே மெல்ல மெல்ல இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஹாரன், ஹெட்லைட். எதுவுமே முடியாவிட்டால் மலைப்பக்கத்து மண் கரையில் உரசி நிறுத்துங்கள். வண்டி நசுங்கினால் தட்டி எடுத்துக்கொள்ளலாம்.

நின்றபின் சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து வைக்காமல் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். குன்னூர் பாதையில் பர்லியாறிலும், கோத்தகிரிப் பாதையில் அரவேணுவிலும் கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுத்தி, ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியின், சூட்டைப் பார்ப்பது என் வழக்கம்.

டிரெய்லர் வால் ஆட்டுகிறது

எனக்கு இது ஒருமுறை நடந்தது. குஞ்சப்பனை தாண்டி, ரோடு கொஞ்சம் நேரான இடம். 50 கிலோமீட்டர் வேகம்கூட இல்லை. கண்ணாடியில் டிரெய்லர் இடது ஓரம் தெரிந்தது, அப்புறம் வலது ஓரம், அப்புறம் இடது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிது. ஸ்டியரிங்கை எதிர்த்திசையில் திருப்பத் துடித்த கையை அடக்கி, நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பிரேக்கைத் தொடவில்லை. ஏழெட்டு ஆட்டத்தில் அடங்கியது. இறங்கிப் பார்த்தால், கயிறு நெகிழ்ந்து பவர் டில்லர் பின்பக்கக் கதவு வரை நகர்ந்திருந்தது. கட்டியது நான்தான். கிளம்பிப் பத்து கிலோமீட்டரில் நிறுத்திக் கயிற்றை இறுக்கிப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்தும் அன்று பார்க்கவில்லை.

ஆடும்போது செய்ய வேண்டியது அவ்வளவுதான்: ஸ்டியரிங் நேராக, கால் மேலே, கரண்ட் பிரேக் இருந்தால் டிரெய்லர் பிரேக் மட்டும் லேசாக. வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் டிரெய்லர் வண்டியைத் திருப்பிவிடும். வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். இறக்கத்தில் கூட்டின வேகத்தை எங்கே கொண்டு போய்க் குறைப்பது?

காரணம் பத்தில் ஒன்பது தடவை மூக்கு எடை குறைவு. லோடில் ஏறக்குறைய அறுபது சதவீதம் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். கனமானது அச்சின் மேலும் அதற்குச் சற்று முன்னும் தாழ்வாக, லேசானது ஓரங்களில். திருத்துவதற்குக் கணக்கு இருக்கிறது. கொக்கிக்கும் அச்சுக்கும் நடுவே மூன்று மீட்டர் என்றால், 45 கிலோ கிழங்கு மூட்டை ஒன்றை ஒரு மீட்டர் முன்னால் நகர்த்தினால் மூக்கில் 15 கிலோ கூடும். நான்கு மூட்டை நகர்த்தினால் 60 கிலோ. மூக்கு எடை 90தான் என்று தராசு காட்டினால், எத்தனை மூட்டையை நகர்த்த வேண்டும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மூக்கு எடை சரியாக இருந்தும் ஆடினால் டயர் காற்று, அச்சைப் பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்தது, ஒரு பக்கம் மட்டும் படுத்த பட்டை (ஸ்பிரிங் பட்டை), பாதி நிரம்பிய தண்ணீர் டேங்க் இவற்றைப் பாருங்கள். டேங்க் என்றால் முழுக்க நிரப்புங்கள், இல்லாவிட்டால் முழுக்கக் காலி. பாதித் தண்ணீர் ஒவ்வொரு வளைவிலும் தன் இஷ்டத்துக்கு ஓடும்.

வண்டி முன்பக்கம் தூக்கியிருக்கிறது, ஸ்டியரிங் லேசாகிவிட்டது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். மூக்கு எடை அதிகம், அல்லது வண்டியின் பின் பட்டைகள் தளர்ந்துவிட்டன. முன்டயரில் எடை குறைந்தால் திருப்பலும் குறையும், முன் பிரேக்கும் குறையும். மஞ்சு இறங்கிய சாயங்காலத்தில் இன்னொரு தொல்லை: ஹெட்லைட் மேலே பார்ப்பதால் லோ பீமே ஹை பீம் மாதிரி அடித்து, மஞ்சில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். லோடைக் கொஞ்சம் பின்னால் நகர்த்துங்கள், ஆனால் பத்து சதவீதத்துக்குக் கீழே இறக்காதீர்கள்.

கொண்டை ஊசியில் வண்டி இறுகுகிறது, முன்டயர் கீச்சிட்டுத் தாவுகிறது

காய்ந்த தாரில் ஃபோர் வீல் போட்டு ஓட்டுகிறீர்கள். நம்மில் பலர் வைத்திருக்கும் வண்டிகளில் ஃபோர் வீல் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படும். வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் போக வேண்டும். மண்ணிலும் ஈரத்திலும் டயர் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். காய்ந்த தாரில் வழுக்க முடியாமல் முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும், எஞ்சின் பலத்தை இரண்டு அச்சுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் சேரும். டிரெய்லர் எடை இருந்தால் இன்னும் மோசம். லிவர் வெளியே வராமல் சிக்கிக்கொண்டால், ஸ்டியரிங்கை நேராக வைத்து ஒன்றிரண்டு மீட்டர் பின்னால் வாருங்கள், கழன்றுவிடும். நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டு அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) உள்ள, எப்போதுமே ஃபோர் வீலில் ஓடும் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் பூட்டை மட்டும் தாரில் போடக் கூடாது.

சரி, அப்படியானால் கொண்டை ஊசி ஏற்றத்தில் உள்பக்கப் பின்சக்கரம் தூக்கிச் சுழல்கிறதே? மழைக் காலத்தில் வளைவின் உள்மூலையில் மண்ணும் சரளையும் சேர்ந்திருக்கும். அப்போது வளைவுக்கு முன்பே ஃபோர் ஹை போட்டு, தாண்டியதும் எடுத்துவிடுங்கள்.

ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, கிளட்ச் வாடை வருகிறது

இரண்டும் பெரிய கியரில் திணறுவதால் வருகிறவை. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய பத்து சதவீத பலத்தை இழக்கும். ஊட்டி 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்தில் மூன்றாவது கியரில் இழுத்த லோடு இங்கே இரண்டாவதைக் கேட்பது இயல்பு. கியரைக் குறைத்து எஞ்சினைச் சுதந்திரமாகச் சுற்ற விடுங்கள், ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுக்கத் திறந்துவிடுங்கள். முள் இறங்காவிட்டால் ஓரங்கட்டி, எஞ்சினை உடனே அணைக்காமல் சில நிமிஷம் ஓட விடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

ஏற்றத்தில் நின்று கிளம்புவதில்தான் கிளட்ச் அதிகம் கருகும். எதிரே இறங்குகிற வண்டி, ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது சாலை விதி. எல்லோரும் விடுவதில்லை. மறுபடி கிளம்பும்போது, ரோடு நேராக இருந்தால் சில மீட்டருக்கு ஃபோர் லோ முதல் கியர் போடுங்கள். கிளட்சை அரையில் பிடிக்க வேண்டிய நேரம் பாதியாகக் குறையும். வளைவு வரும் முன் எடுத்துவிடுங்கள்.

வளைவில் டிரெய்லர் சக்கரம் ஓரக்கல்லில் ஏறுகிறது

டிரெய்லர் எப்போதும் உள்பக்கம் வெட்டித்தான் வரும். ஹாரன் அடித்து, எதிரே காலி என்று தெரிந்த பிறகு, வழக்கத்தைவிட ஒரு சக்கர அகலம் வெளியே போய்த் தாமதமாகத் திருப்புங்கள். தெரியாவிட்டால் காத்திருங்கள்.

ரிவர்ஸில் டிரெய்லர் நகர மறுக்கிறது

தள்ளினால் பிடிக்கும் பிரேக் வகையில், பின்னால் தள்ளுவதையும் அது இறக்கம் என்றே எடுத்துக்கொள்ளும். மூக்குக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு பூட்டு இருக்கும், அதைப் போட்டு ரிவர்ஸ் எடுங்கள். கிளம்பும் முன் மறக்காமல் விடுவிக்க வேண்டும், இல்லையென்றால் டிரெய்லர் பிரேக்கே இல்லாமல் மலை இறங்குவீர்கள். ரிவர்ஸில் திசை குழம்புகிறவர்கள் ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை போகிற பக்கமே டிரெய்லரும் போகும்.

கொக்கியில் டக் டக் என்று சத்தம்

வண்டிக் கொக்கியின் பந்தும், அதன்மேல் உட்காரும் டிரெய்லர் மூக்கின் கப்ளரும் ஒரே அளவா என்று பாருங்கள். 50 மில்லிமீட்டர் பந்து, இரண்டு அங்குலப் பந்து, அதைவிடச் சிறிய 47.6 மில்லிமீட்டர் பந்து எல்லாம் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். சிறிய பந்தில் பெரிய கப்ளர் பூட்டிக்கொண்டது மாதிரி காட்டி, குழியில் கழன்றுவிடும். பூட்டியதும் ஜாக்கி சக்கரத்தைச் சுற்றி மூக்கைத் தூக்குங்கள். வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் பூட்டவில்லை என்று அர்த்தம். சங்கிலி இரண்டையும் மூக்குக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். கப்ளர் கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். டிராக்டர் மாதிரி பின் செருகுகிற கொக்கி என்றால், பின்னுக்கு அடியில் கிளிப் இருக்கிறதா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாருங்கள்.

ஒரு ஹப் மட்டும் சுடுகிறது

புறங்கையை அருகில் கொண்டு போய்ப் பாருங்கள், உடனே தொடாதீர்கள். எல்லாம் ஒரே அளவு சூடு என்றால் பிரேக் வேலை செய்திருக்கிறது. ஒன்று மட்டும் அதிகம் என்றால், ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். கரகரவென்றால் பேரிங், இறுக்கமாக நின்றால் லைனிங் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக்கே இல்லை, அதுவும் கோளாறுதான்.

இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது

எர்த் சரியில்லை. பிளக்கின் வெள்ளை ஒயரையும் சேஸிஸில் பெயிண்ட் சுரண்டிய இடத்தையும் சுத்தம் செய்தால் சரியாகிவிடும்.

ஓரங்கட்டி நிற்க வேண்டி வந்தால்

கல்லாறு, பர்லியாறு, குஞ்சப்பனைப் பக்கம் இருட்டிய பிறகு யானை நடமாட்டம் உண்டு. ஹப் கொஞ்சம் சூடாக இருக்கிறது என்பதற்காக அங்கே நிற்காமல், மெதுவாகவாவது கடை விளக்கு தெரிகிற இடம் வரை போய்விடுங்கள். வளைவு தாண்டி நேரான இடத்தில், மலைப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். கட்டைகளைக் கயிற்றில் கோத்து டிரெய்லர் கம்பியில் கட்டியே வைத்திருந்தால் எடுக்க மறக்காது. கட்டை இல்லாமல் கல்லை வைத்தீர்களானால், கிளம்பும் முன் இறங்கி அந்தக் கல்லை ஓரத்துக்கு எடுத்துப் போட்டுவிட்டு வண்டியில் ஏறுங்கள். பின்னால் மஞ்சில் பைக்கில் வருகிறவருக்கு அந்தக் கல் தெரியாது.